ராத்திரி ஒரு மணி ஆளை நம்பாதீர்கள்: ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து வெளியே வர

பாஸ்புக்கில் பதிவு போட வங்கியில் ஒரு மெஷின் வைத்திருப்பார்களே, அதன் பக்கமே நான் ஏழு மாதம் போகவில்லை. மனைவி பெயரில் ஒரு கடனுக்கு என்னுடைய ஆறு மாத வரவு செலவையும் கேட்டார்கள் என்று ஒரு புதன்கிழமை மத்தியானம் பெரம்பூரில் எங்கள் கிளைக்குப் போய்ப் பாஸ்புக்கைச் சொருகினேன். கர்ர் என்று அடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பச் சொன்னது. திருப்பினேன். மறுபடி திருப்பச் சொன்னது. 300, 500, 500, 200, 1000, 500. வரிசையில் எனக்குப் பின்னால் பென்ஷன் பணம் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். ஐந்தாவது பக்கம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, “கடை வச்சிருக்கியா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டேன். மொத்தம் பதினோரு பக்கம் வந்தது. கடைசியில் மெஷினே பாஸ்புக் முடிந்துவிட்டது, புதுசு வாங்கிக்கொள் என்றது.

வீட்டுக்கு வந்து அந்தப் பதினோரு பக்கத்தையும் போனில் யுபிஐ கணக்கோடு வைத்து நேரம் பார்த்தேன். காலை பத்து மணிக்கோ மத்தியானமோ நான் பணம் போட்டதாக ஒரு வரிகூட இல்லை. எல்லாமே ராத்திரி பதினொன்றரைக்கு மேல், அதுவும் மாதத்தின் முதல் ஐந்து நாள், அப்புறம் மேட்ச் இருந்த நாட்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்து கற்றதுதான். பகல் பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன் என்று சத்தியம் செய்கிற ஆள் பொய் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஆடுகிற ஆள் வேறு ஆள், அவ்வளவுதான். அந்த ராத்திரி ஆளிடம் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. பகலில், தெளிவாக இருக்கும்போது, அவன் கைக்குப் பணம் எட்டாதபடி செய்து வைக்க வேண்டும்.

முதலில் உங்கள் நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். இதற்கு நீளமான கேள்வித்தாள்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் 1997இல் வந்த ஒரு சோதனையில் கேள்வி இரண்டே இரண்டுதான். முன்பைவிட அதிகப் பணம், இன்னும் அதிகப் பணம் என்று வைக்கத் தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றால்கூட டாக்டரிடம் பேச வேண்டிய கட்டம்தான். இதோடு என் அனுபவத்திலிருந்து மூன்றாவது கேள்வி ஒன்று சேர்க்கிறேன்: ஜெயித்த பணத்தை வித்டிரா கொடுத்துவிட்டு, அது கணக்குக்கு வருவதற்குள் ரத்து செய்து மறுபடி ஆடியிருக்கிறீர்களா? நான் ஒரே ராத்திரியில் 9,000 ரூபாயை மூன்று முறை அப்படித் திருப்பி இழுத்திருக்கிறேன், விடியும்போது 40 ரூபாய் இருந்தது.

விட்டதைப் பிடிக்கலாம் என்ற நினைப்புதான் இதில் பெரிய கண்ணி, அதனால் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பலம் சமமாக உள்ள இரண்டு அணிக்கு ஒரு தளம் இரு பக்கமும் 1.90 கொடுக்கிறது என்று வையுங்கள், 100 கட்டி ஜெயித்தால் 190 வரும். இருபது முறை கட்டி, சரியாகப் பாதி, பத்து முறை ஜெயிக்கிறீர்கள். கட்டியது 2,000, திரும்பி வந்தது 1,900. கிரிக்கெட் தெரிந்தவன் என்று மார்தட்டிக்கொண்டு பாதிக்குப் பாதி சரியாகச் சொன்ன பிறகும் நூறு ரூபாய் நஷ்டம். நூற்றுக்கு 53 முறையாவது ஜெயித்தால்தான் கைப்பணம் தேறும், அதை வருஷக்கணக்கில் செய்கிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து நமக்கு டிப்ஸ் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

“நான் அளவோடுதான் ஆடுகிறேன்” என்று சொல்பவர்களுக்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். சூதாட்டம் சட்டப்படி நடக்கிற கனடாவில் ஆபத்து குறைவான அளவு என்று வழிகாட்டு நெறி வைத்திருக்கிறார்கள்: வரி பிடிப்பதற்கு முந்தைய வீட்டு வருமானத்தில் மாதம் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது, மாதத்தில் 4 நாளுக்கு மேல் கூடாது, இரண்டு வகை ஆட்டத்துக்கு மேல் அடிக்கடி ஆடக் கூடாது. வீட்டுக்கு 35,000 வருகிறது என்றால் மாதத்துக்கு 350 ரூபாய். நான் அதை ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் விட்டவன். இங்கே சட்டமும் வேறு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த மத்தியச் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. அதற்கு முன்பே, 2022இல், தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டிருந்தது.

தடை வந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊருக்குத் தடை புதுசா என்ன? 1968இல் “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்று அரசே லாட்டரி விற்றது, 2003இல் அரசே தடை செய்தது, அதற்கப்புறமும் மூணு நம்பர் துண்டுச் சீட்டு சந்துக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது சந்துக்குப் பதில் டெலிகிராம். ஆப் ஸ்டோரில் இருந்த ஆப்பை மூடினால் லிங்க் வருகிறது, லிங்கில் வெளிநாட்டுத் தளம் வருகிறது, அதில் பணம் கட்டச் சொல்வது யாரோ ஒரு தனி ஆளின் யுபிஐ ஐடிக்கு. அந்த ஆபத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், முதலில் பூட்டு வேலை.

பணத்தின் வழியை அடையுங்கள்

இதைக் காலையில் செய்யுங்கள், முடிந்தால் சம்பளம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால். போனில் உள்ள ஆப்பை அழிப்பதை விட இது முக்கியம். ஆப் ஒரு நிமிஷத்தில் திரும்ப ஏறிவிடும், பணம் இல்லாவிட்டால் ஏறியும் பலன் இல்லை.

சம்பளம் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து முழுதாகக் கழற்றிவிடுங்கள். வேறு ஒரு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று வைத்து, அதை மட்டும் யுபிஐயில் சேர்த்து, வாராவாரம் திங்கட்கிழமை 1,500 அல்லது 2,000 அதில் விழும்படி நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். பெட்ரோல், டீ, ரீசார்ஜ் எல்லாம் அதில்தான். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று, பணம் தானாகப் போகும் ஏற்பாடுகளுக்கு ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து பாருங்கள், எப்போதோ ஒப்புதல் கொடுத்து மறந்துபோனது அங்கே உயிரோடு இருக்கலாம். டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டிலும் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் நாமே அணைத்து வைக்கவும், தினசரி வரம்பைக் குறைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. வங்கி ஆப்பில் கார்டு பகுதியில் இருக்கும், ஐந்து நிமிஷ வேலை. கிரெடிட் கார்டு வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். “உங்களுக்கு 2 லட்சம் தயாராக உள்ளது” என்று வங்கி ஆப்பிலேயே மினுக்கும் உடனடிக் கடனை நிறுத்தச் சொல்லியும் எழுதிக் கொடுங்கள். எனக்குப் பெரிய குழி தோண்டியது இதுதான், ராத்திரி 1.10க்கு விண்ணப்பித்து 1.12க்குப் பணம் வந்தது. பகலில் அதே வங்கியில் ஒரு செக் புக் வாங்க நாலு நாள் ஆனது என்பது வேறு கதை.

சேமிப்புக்குக் கூட்டுக் கணக்கு தொடங்கினால் ஒன்று கவனியுங்கள். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற வகைதான் சாதாரணமாகத் தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகை. கவுன்டரில் இருப்பவர் எதற்கு இந்த வம்பு, யுபிஐ எல்லாம் வராதே என்பார். வராததுதான் நமக்கு வேண்டும்.

அப்புறம் போன். பெட்பிளாக்கர் என்று இலவச ஆப் ஒன்று இருக்கிறது, ஒரு நாளிலிருந்து ஐந்து வருஷம் வரை நீங்கள் குறிக்கும் காலத்துக்குச் சூதாட்டத் தளங்களை மறைக்கும், காலம் முடியும் வரை நீங்களே நினைத்தாலும் சுலபமாக எடுக்க முடியாது. நேற்று முளைத்த டெலிகிராம் தளம் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் நமக்கு வேண்டியது பத்து இருபது நிமிஷத் தடங்கல், அதற்கு இது போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை வேறு ஒருவரைப் போடச் சொல்லுங்கள், நீங்கள் போட்டால் அது பூட்டு இல்லை. ஆண்ட்ராய்டில் தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை பிரவுசருக்கும் டெலிகிராமுக்கும் அணைத்து வையுங்கள். கூகுள் கணக்கில் விளம்பர அமைப்புக்குள் போனால் சூதாட்டம் என்று தனியாகவே ஒரு வகை இருக்கும், அதைக் குறைக்கச் சொல்லலாம், யூடியூபில் கண்ணில் படுவது கணிசமாகக் குறையும். விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு, ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். டிப்ஸ் குரூப்களிலிருந்து வெளியேறுங்கள், “சும்மா பார்க்கத்தான்” என்று ஒன்றை மட்டும் விட்டுவைக்காதீர்கள், எல்லாரும் அப்படி ஒன்று வைத்திருப்போம்.

போனைப் படுக்கைக்கு எடுத்துப் போகாமல் ஹாலில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு பாரிஸ் கார்னர் நடைபாதையில் ஒரு சின்ன கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். சிரிப்பாக இருக்கும், எனக்கு இதுதான் முதல் மாதம் காப்பாற்றியது.

யாரிடம், எவ்வளவு சொல்வது

நான் முதலில் சொன்னது வியாசர்பாடியில் இருக்கும் அக்காவிடம். அவள் மொட்டை மாடியில் வடகத்துக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திட்டவில்லை, “மொத்தம் எவ்ளோ?” என்று மட்டும் கேட்டாள். 1,90,000 என்றேன். உண்மையில் 4,10,000.

இதை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன். இதில் மாட்டியவர்கள் நான் பார்த்தவரை எல்லாரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். முழுசும் சொன்னால் தாங்க மாட்டார்கள், மீதியை நாமே சத்தமில்லாமல் அடைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அந்த மீதியைச் சத்தமில்லாமல் அடைக்க நமக்குத் தெரிந்த ஒரே வழி எது? மறுபடி ஆட்டம்தான். மூன்று வாரம் கழித்து லோன் ஆப்காரன் அக்கா நம்பருக்கே போன் செய்து அவளுக்கு முழுசும் தெரிய வந்தபோது, பணத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. “அன்னைக்கும் என்கிட்ட ஆடிட்டியாடா” என்று ஒரே வாக்கியம். அதனால் சொல்லப் போவதற்கு முன்னால் பாஸ்புக், கார்டு ஸ்டேட்மென்ட், அடகுச் சீட்டு, சீட்டுப் பாக்கி, கைமாத்து எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். வாய் பாதியைச் சொல்லும், தாள் சொல்லாது.

கடனை அடைக்கும் வரிசை அவரவருக்கு வேறு, சில விஷயம் மட்டும் சொல்கிறேன். நகை அடகில் இருந்தால் ஏல நாள் எப்போது என்று முதலில் கேளுங்கள், வட்டி கட்டினாலே தள்ளிப்போகும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டே போகாமல் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ வசூலுக்கு அனுப்பும் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, வீட்டார், நண்பர்கள் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் அழைப்பு விவரத்தோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள், அவர்கள் 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், தகவலுக்கு 14448. படத்தை மார்பிங் செய்து அனுப்புவேன் என்கிற போலி லோன் ஆப் என்றால் நேராக சைபர் குற்றப் புகார், 1930. மீட்டர் வட்டி, தண்டல், தினவட்டி எல்லாம் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கின்றன, காவல் நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பந்தயம் வைத்துத் தோற்ற பணத்தை நீதிமன்றத்துக்குப் போய் வசூலிக்க முடியாது, இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. புக்கி “கேஸ் போடுவேன்” என்றால் அவனுக்கே அது தெரியும்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். இது எல்லாருக்கும் தெரியும், நானும் தெரிந்தேதான் மூன்று வாங்கினேன்.

டெலிகிராம் தளங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. என்னோடு ஆடிய அம்பத்தூர் நண்பர் ஒருவர் சட்டம் வந்த பிறகு அந்தப் பக்கம் போனார். 18,000 ஜெயித்தார், பணமும் வந்தது, எனக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பினார். பத்து நாள் கழித்து அவர் சம்பளக் கணக்கு முடங்கிவிட்டது. அவருக்கு அந்தப் பணத்தை அனுப்பிய கணக்கு வாடகைக்கு எடுத்த கணக்கு, அதில் வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்த பணம் புகுந்து வந்திருக்கிறது, அந்த ஊர் சைபர் போலீஸ் சங்கிலியில் இருந்த எல்லாக் கணக்கையும் நிறுத்திவிட்டார்கள். வாடகை கொடுக்க முடியாமல், எந்தப் பணம் எதற்கு வந்தது என்று காகிதம் எடுத்துக்கொண்டு அலைந்தார். தோற்றால் பணம் போகும், ஜெயித்தால் கணக்கு போகும். இப்படி நடந்தால் வங்கியில் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன என்று எழுத்தில் வாங்கி, நடந்ததை மறைக்காமல் ஒரு வக்கீலோடு பதில் கொடுங்கள். “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 5,000” என்று வருகிறவர்கள் எல்லாரும் அதே கூட்டத்தின் அடுத்த கடை.

டாக்டரிடம் போவது

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு என்று தனிப் பெயரே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைக் குடி, போதை இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது. ஏனென்றால் அதிகம் வேண்டும் என்று கேட்பது, நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருவது எல்லாம் குடிக்கும் இதற்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. எனக்கு முதல் இரண்டு வாரம் பையன் பென்சில் கீழே போட்டால்கூடக் கோபம் வந்தது, அது நோயின் பகுதி என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவனிடம் கத்தியிருக்க மாட்டேன்.

எங்கே தொடங்குவது என்று குழப்பம் இருந்தால் 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். என்ன சொல்வது என்று தயங்குகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்துப் படித்தால் போதும்: “ஆன்லைன்ல பணம் வச்சு ஆடறேன், நிறுத்த முடியல, கடன் இவ்ளோ இருக்கு.” மீதியை அவர்கள் கேட்டு வாங்குவார்கள். தமிழக அரசின் 104லும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

நேரில் போக, சென்னையில் அரசு மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மூன்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போனால் புறநோயாளிச் சீட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். அப்புறம் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. 1794இலிருந்து இருக்கும் இடம், அதனாலேயே “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்து வளர்ந்தவர்கள். நானும் வாசலில் பத்து நிமிஷம் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். உள்ளே போனால் எல்லா அரசு மருத்துவமனையும் போல வரிசை, பெஞ்ச், மருந்துச் சீட்டு, அவ்வளவுதான். இருக்கும் தெருவுக்கு மேடவாக்கம் டேங்க் ரோடு என்று பெயர், மேடவாக்கம் என்றதும் பள்ளிக்கரணைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள், இது அயனாவரம் பக்கம். தனியார் என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே மனநல மருத்துவர் இருப்பார், ஐடி கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு ஆபீஸ் செலவிலேயே ஆலோசகர் இருக்கலாம், எச்ஆர் மெயிலைத் தேடிப் பாருங்கள்.

சிகிச்சை என்றால் பெரும்பாலும் பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை போகிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த நினைப்பை மாற்றப் பழக்குவார்கள். மனச்சோர்வோ குடியோ கூடவே இருந்தால் அதற்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிலருக்கு நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு, ஆட வேண்டும் என்ற உந்துதலைக் குறைக்கும், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். போலீசுக்குத் தெரிந்துவிடுமோ, ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது உங்கள் உரிமை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத பெரியவர் ஒருவர் அறுபத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று போனும் கையுமாகப் பணம் கட்டி ஆட ஆரம்பித்தால், அவர் சாப்பிடும் மாத்திரையைப் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் ப்ராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையை உண்டாக்கும். தாத்தாவைத் திட்டுவதற்கு முன்னால் அவருடைய நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் மேலே சொன்ன எந்த வரிசையும் வேண்டாம். உடனே 14416க்கு அழையுங்கள், அல்லது சென்னையில் 1986இலிருந்து இந்த வேலையே செய்யும் சிநேகா, 044-24640050. கை மீறிப் போகும் போலிருந்தால் 108, அல்லது பக்கத்து வீட்டுக் கதவு. கடன்காரனுக்குத் தவணை உண்டு, பேசித் தீர்க்கலாம், இன்றைக்கு ராத்திரி தனியாக இருக்காதீர்கள், அது போதும். வீட்டில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள், “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இருந்தால் வெளியே வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். நிலத்தை விற்று, தாலிச் சங்கிலியை வைத்து அடைத்துவிட்டால் அவன் திருந்திவிடுவான் என்று தோன்றும். என் அனுபவத்தில் கணக்கு சுத்தமானதும் மூளை சொல்வது “இப்போ புதுசா ஆரம்பிக்கலாம்” என்றுதான். உதவி செய்வதானால் பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவருக்கு நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். சம்பளத்தை நீங்கள் பார்த்துக்கொள்வது நல்லது, ஆனால் அவன் சம்மதத்தோடு, எத்தனை மாதத்துக்கு என்று பேசி வைத்துக்கொண்டு. திருட்டுத்தனமாகப் போனைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட, வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு அப்புறம், இருவரும் உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் வாரம் முழுக்கச் சண்டை இருக்காது. கடன் கொடுத்த சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துப் பேசாதீர்கள். கல்யாண வீட்டில் மச்சான் ஒருவர் “என்ன மாப்ள, இன்னைக்கு மேட்ச்ல எவ்ளோ?” என்று கேட்டதற்கு அன்று ராத்திரியே ஆட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

ஆசை வரும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். நேரம் பாருங்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் அலை இறங்கிவிடும், அந்த அரை மணியை எப்படியாவது தள்ள வேண்டும். நான் நோட்டில் மணி எழுதுவேன், “11.50, ஆசை” என்று, அப்புறம் பாத்திரம் துலக்குவேன். ஈரக் கையில் போன் வேலை செய்யாது என்பது கூடுதல் வசதி. மேட்ச் இருக்கும் நாளில் தனியாகப் பார்க்காதீர்கள், முடிந்தால் அந்த சீசன் பார்க்கவே வேண்டாம். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கிற நாளில் இந்த ஊரில் இருந்துகொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

வழுக்குவதும் நடக்கும். ஐந்து மாதம் சுத்தமாக இருந்தேன், என் போனில் எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஒரு நாள் நைட் ஷிப்டில் பக்கத்து சீட்டுப் பையன் போனில் அவனிடம் காசு கொடுத்துப் போட்டேன். தோற்றேன். அடுத்தது போடச் சொல்லிக் கையை பர்ஸுக்குக் கொண்டுபோனேன், பர்ஸில் மிச்சம் அறுபது ரூபாய். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன், மணி பன்னிரண்டரை இருக்கும். நாளைக்கு விடியட்டும் என்று விட்டிருந்தால் காலைக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்திருப்பேன், ஆடிவிட்டால் அதே ராத்திரியில் சொல்லிவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு.

தூக்கக் குரலில், “எவ்ளோ?” என்றாள்.

நானூறு என்றேன். மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டு, “சரி, வண்டிய மெதுவா ஓட்டிட்டு வா” என்று வைத்துவிட்டாள்.